விரல் நீளப் பலகைக்குள் பழைய கணினி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ராஸ்பெரி பை பிக்கோ என்ற குட்டி மின்னணுப் பலகையில் பழைய கணினிகளை ஓட விடலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பகுதி முழுக்க. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாலு டாலர் பலகையில் 1984இல் வந்த மேக்கின்டோஷ் அப்படியே ஓடுகிறது என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். நம்பலாமா, இல்லை ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு அளக்கிறானா?

நம்பலாம். அளக்கவில்லை. மேட் எவன்ஸ் என்பவர் எழுதிய பிக்கோ-மேக் என்ற திட்டம் அதைத்தான் செய்கிறது, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் முடிகிறது என்று புரிந்துவிடும். ராஸ்பெரி பை பிக்கோ 2021 ஜனவரியில் நாலு டாலருக்கு வந்தது. பலகை மொத்தமே 21க்கு 51 மில்லிமீட்டர். அதிலுள்ள ஆர்பி2040 சிப்பில் 133 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர்கள், 264 கிலோபைட் ரேம். முதல் மேக்கின்டோஷ் 2,495 டாலருக்கு வந்தபோது அதில் இருந்தது 7.83 மெகாஹெர்ட்ஸ் மோட்டோரோலா 68000, 128 கிலோபைட் ரேம், 64 கிலோபைட் ரோம். ரோமை, அதாவது கணினியோடு வந்த மாறாத நிரலை, பிக்கோவின் ஃபிளாஷ் நினைவகத்தில் போட்டுவிடலாம், எழுத வேண்டியதில்லை, படித்தால் போதும். 128 கிலோபைட் ரேம் 264க்குள் தாராளமாக அடங்கும். திரை 512க்கு 342, வெறும் கறுப்பு வெள்ளை, புள்ளிக்கு ஒரு பிட், ஆக 21,888 பைட். அதுவும் அந்த 128 கிலோபைட்டுக்குள்ளேயே இருப்பதால் தனியாக இடம் கேட்காது.

வேகம் எப்படிப் போதும் என்கிறீர்களா? எமுலேட்டர், அதாவது பழைய கணினி போல நடிக்கும் நிரல், செய்வது ஒரே வேலை: பழைய சிபியு அடுத்து எந்த ஆணையைப் படித்திருக்குமோ அதை எடுத்துப் பார்த்து, அது செய்திருக்க வேண்டியதைத் தன் மாறிகளில் செய்து, அடுத்ததுக்குப் போவது. 133ஐ 7.83ஆல் வகுத்தால் பழைய சிப்பின் ஒரு கிளாக் துடிப்புக்கு நம்மிடம் ஏறக்குறைய 17 துடிப்புகள் இருக்கின்றன. 68000இன் மிகச் சிறிய ஆணைக்கே நாலு துடிப்பு ஆகும், அப்படியென்றால் ஒரு ஆணையைப் பாவித்துக் காட்ட 68 துடிப்பு நம் கையில். அது கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் முடியும். இன்னொரு பழைய சிபியுவான 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 என்றால் அதே கணக்கு 152 துடிப்பு வரை போகும், மூச்சு விட்டுச் செய்யலாம்.

இந்தப் பகுதி முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதுதான்: சிபியுவைப் பாவிப்பது இந்த வேலையில் சுலபமான பகுதி. கஷ்டம் எல்லாம் ரேமிலும், எது எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பதிலும் இருக்கிறது.

கேள்வி: எந்தப் பலகையை வாங்குவது, எந்தக் கணினியில் தொடங்குவது? எனக்கு சி மொழி தெரியும், சாலிடரிங் சுமாராக வரும். நேராக டாஸ் பிசியையே செய்துவிடலாமா?

டாஸ் பிசி வேண்டாம், முதலில் வேண்டவே வேண்டாம். ஐபிஎம் பிசியின் 8088 வெறும் 4.77 மெகாஹெர்ட்ஸ் என்பதால் எளிது போலத் தெரியும். ஆனால் டாஸ் நிரல்கள் 640 கிலோபைட் ரேமை எதிர்பார்க்கும், பிக்கோவில் அவ்வளவு இல்லை. வெளியில் பிஎஸ்ரேம் என்ற கூடுதல் ரேம் சிப்பை ஒட்ட வேண்டும், அது உள் ரேமைவிட மெதுவானது, அப்புறம் டைமர் சிப், இன்டரப்ட் சிப், டிஎம்ஏ சிப், டிஸ்க் கன்ட்ரோலர் என்று ஒவ்வொன்றாகப் பாவிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கணினியை எழுப்பும் பயாஸ் நிரல் பாதியில் நின்றுவிடும், எது குறைந்தது என்றும் சொல்லாது.

என்னைக் கேட்டால் 48 கிலோபைட் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982இல் வந்தது. ஒரு இசட்80, 16 கிலோபைட் ரோம், 48 கிலோபைட் ரேம், மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள யுஎல்ஏ என்ற ஒரே சிப். விசைப்பலகை, டேப், ஸ்பீக்கர், திரையைச் சுற்றியுள்ள கரையின் நிறம் எல்லாம் 254 என்ற ஒரே போர்ட் (சிபியு வெளிச் சாதனங்களோடு பேசும் வாசல்) வழியாகப் போய்வரும். இவ்வளவு சிக்கனமாக, அதே சமயம் முழுமையாக வடிவமைத்த வீட்டுக் கணினி வேறொன்றை எனக்குத் தெரியாது. ஒரு மனிதர் தலைக்குள் மொத்தக் கணினியையும் வைத்துக்கொள்ள முடியும் என்பதுதான் இதன் பெரிய பலம்.

திரையே இப்போதைக்கு வேண்டாம் என்றால் சிபி/எம் என்ற பழைய இயங்குதளம். சீரியல் டெர்மினலில் எழுத்து வந்தால் போதும், யுஎஸ்பி கம்பி ஒன்றே முழுக் கணினி. ரன்சிபிஎம் என்ற திட்டம் ஏற்கனவே பல பலகைகளில் ஓடுகிறது, அதன் நிரலைப் படித்தாலே பாதி பாடம் முடிந்தது.

பலகை விஷயம்: பிக்கோ போதும். 2024இல் வந்த பிக்கோ 2இல் ரேம் 520 கிலோபைட், கோரும் வலுவானது, பிஎஸ்ரேமை நேரடி நினைவகம் போலவே காட்டும் வசதியும் உண்டு, பின்னால் டாஸ் பிசிக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதையே வாங்கிவிடுங்கள். இஎஸ்பி32 என்ற வேறு பலகை பிடிக்கும் என்றால் ஃபேப்ஜிஎல் என்ற நூலகம் விஜிஏ, விசைப்பலகை, ஒலி எல்லாவற்றையும் தருகிறது, ஆல்டேர் 8800, விக்-20, பிஎஸ்ரேம் இருந்தால் 8086 பிசி வரை உதாரணங்களும் கூடவே வருகின்றன. கையில் ஆர்டுயினோ யூனோதான் இருக்கிறது என்று எழுதியவர்களுக்கு: அதில் ரேம் 2 கிலோபைட். ஸ்பெக்ட்ரத்தின் திரை மட்டுமே 6,912 பைட். விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிக்கோவில் வீடியோ சிப்பே கிடையாதே. அப்புறம் மானிட்டரில் படம் எப்படி வருகிறது? மூன்று நாலு ரெசிஸ்டரை விஜிஏ கனெக்டரில் ஒட்டியிருப்பதைப் படத்தில் பார்த்தேன், அவ்வளவுதானா?

அவ்வளவுதான், ஆனால் அந்த ரெசிஸ்டருக்குப் பின்னால் நடப்பதுதான் இந்த முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விஜிஏ மானிட்டருக்கு மூன்று நிறக் கம்பிகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 0.7 வோல்ட் வரை, கூடவே வரியும் படமும் எப்போது தொடங்குகின்றன என்று சொல்லும் இரண்டு சிங்க் கம்பிகள். 640க்கு 480 படத்துக்குப் புள்ளிக் கிளாக் 25.175 மெகாஹெர்ட்ஸ். ஒரு வரியில் தெரிவது 640 புள்ளி, ஆனால் அனுப்ப வேண்டியது 800: படம் முடிந்து 16 புள்ளி நேரம் சும்மா, 96 புள்ளி நேரம் சிங்க் துடிப்பு, மறுபடி 48 சும்மா. அதே மாதிரி 480 வரிக்கு மொத்தம் 525 வரி. ஆக ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் 31.78 மைக்ரோ வினாடி. இது ஒரு இழை தவறினாலும் படம் நடுங்கும், கொஞ்சம் அதிகமாகத் தவறினால் மானிட்டர் சிக்னல் இல்லை என்று சொல்லிவிடும்.

சாதாரண நிரலால் இதைக் கையாள முடியாது, ஏனென்றால் ஒரு இன்டரப்ட், அதாவது நடக்கும் வேலையை நிறுத்தி வேறொன்றுக்கு இழுக்கும் குறுக்கீடு, வந்தால் போச்சு. இங்கேதான் ஆர்பி2040இன் பிஐஓ கைகொடுக்கிறது. அது சிப்புக்குள்ளேயே இருக்கும் எட்டு குட்டி இயந்திரங்கள். ஒன்பதே வகை ஆணைகள்தான் அவற்றுக்குத் தெரியும், ஆனால் ஒரு ஆணைக்குச் சரியாக ஒரு துடிப்பு, அதில் மாற்றமே இல்லை. ஒன்று சிங்க்கைப் பார்த்துக்கொள்ளும், ஒன்று புள்ளிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளும், டிஎம்ஏ (சிபியு உதவியின்றித் தரவை நகர்த்தும் பகுதி) அதற்கு ரேமிலிருந்து தீனி போட்டுக்கொண்டே இருக்கும். கோர் இரண்டும் இதில் கையே வைக்க வேண்டாம்.

சரி, அந்தத் தீனி எங்கிருந்து வரும்? முழுப் படத்தையும் புள்ளிக்கு ஒரு பைட் என்று ரேமில் வைத்தால் 3,07,200 பைட். நம்மிடம் இருக்கும் மொத்த ரேமே 2,70,336 பைட். முடியாது. அதனால் முழுப் படத்தை வைக்கவே கூடாது, ஒரு வரியை மட்டும் வைக்க வேண்டும். இரண்டு வரி பஃபர்கள்: ஒன்று மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாவது கோர் அடுத்த வரியை இன்னொன்றில் தயாரிக்கும். 133 மெகாஹெர்ட்ஸில் ஒரு வரி நேரத்துக்கு 4,200 சொச்சம் துடிப்பு. ஸ்பெக்ட்ரத்தின் 256க்கு 192 படத்தை இரட்டிப்பாக்கினால் 512க்கு 384, அது 640க்கு 480க்குள் பக்கவாட்டில் 64, மேலும் கீழும் 48 கரை விட்டு அழகாக உட்காருகிறது. ஒரு வரியை இரண்டு முறை காட்டுவதால் தயாரிப்பு நேரமும் இரட்டிப்பாகிறது. போதும், போதும், மிச்சமும் இருக்கும்.

அந்த ஒரு வரியைத் தயாரிக்கும்போது ஸ்பெக்ட்ரத்தின் விசித்திரமான நினைவக அடுக்கைச் சந்திப்பீர்கள். திரை 16384இல் தொடங்குகிறது, ஒரு வரிக்கு 32 பைட். அப்படியானால் இரண்டாவது வரி 16416இல் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. 16640இல் இருக்கிறது, 256 பைட் தள்ளி. எட்டு வரி அப்படிப் போன பிறகு, ஒன்பதாவது வரிதான் 16416க்கு வருகிறது. திரையும் மூன்று பகுதிகளாக, பகுதிக்கு 2,048 பைட். டேப்பிலிருந்து படம் ஏறும்போது சீப்புப் பல் மாதிரி வரிவரியாக விட்டுவிட்டு நிரம்பியதைப் பார்த்தவர்களுக்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும். ஏன் இப்படிச் செய்தார்கள்? இசட்80இல் ஒரு எழுத்தின் எட்டு வரிகளை வரைய, முகவரியின் மேல் பைட்டை ஒன்று கூட்டினால் போதும், ஒரே ஒரு ஆணை. எழுத்து வேகமாக விழும். அந்த முடிவின் விளைவை நாற்பது வருஷம் கழித்து நாம் வேறொரு சிப்பில் அப்படியே மரியாதையாகத் திருப்பிச் செய்கிறோம்.

நிறம் 22528இலிருந்து. எட்டுக்கு எட்டு கட்டத்துக்கு ஒரு பைட்: எழுத்து நிறத்துக்கு மூன்று பிட், பின்னணிக்கு மூன்று, பிரகாசத்துக்கு ஒன்று, கண்சிமிட்டலுக்கு ஒன்று. ஒரு கட்டத்தில் இரண்டு நிறத்துக்கு மேல் வர வழியே இல்லை, பழைய விளையாட்டுகளில் பாத்திரம் நகரும்போது பக்கத்திலிருக்கும் மரத்தின் நிறம் மாறுவது இதனால்தான்.

ஒரு சிக்கல் மீதம் இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் வினாடிக்கு 50 படம், விஜிஏ 60. அப்படியே விட்டால் பக்கவாட்டில் ஓடும் விளையாட்டுகளில் லேசான தடுமாற்றம் தெரியும். சில மானிட்டர்கள் 50 ஹெர்ட்ஸையும் ஏற்றுக்கொள்ளும், உங்களுடையது ஏற்றுக்கொண்டால் அதற்கே நேரங்களை மாற்றிவிடுங்கள், கண்ணுக்கு அவ்வளவு நிம்மதி.

விஜிஏ இல்லை, எச்டிஎம்ஐ மட்டும்தான் என்பவர்களுக்கும் வழி உண்டு. லூக் ரென் என்பவர் பிக்கோடிவிஐ என்று ஒன்றை எழுதினார். எச்டிஎம்ஐயும் ஏற்கும் டிவிஐ முறையில் ஒரு புள்ளியின் ஒவ்வொரு நிறத்துக்கும் பத்து பிட் தொடராகப் போக வேண்டும், 25.2 மெகாஹெர்ட்ஸ் புள்ளிக் கிளாக் என்றால் வினாடிக்கு 252 மெகாபிட். அதற்காகச் சிப்பையே 252 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி ஓட்டுகிறார். 133க்கு என்று விற்ற சிப் அதைத் தாங்குகிறது. பிக்கோ 2இல் இதற்கென்றே எச்எஸ்டிஎக்ஸ் என்று ஒரு பகுதியை வைத்துவிட்டார்கள்.

கேள்வி: இசட்80 எமுலேஷனை நானே எழுதினேன். ரோம் தொடங்கி "1982 சிங்க்ளேர் ரிசர்ச்" வரி வந்ததும் குதித்தேன். ஆனால் எந்த விசையை அழுத்தினாலும் அசைவில்லை. விளையாட்டுகளை ஏற்றினால் சில ஓடுகின்றன, சில நடுவில் உறைந்துவிடுகின்றன.

அந்த வரி வந்ததே பெரிய விஷயம், வாழ்த்துகள். ரேம் சோதனை, திரை அழித்தல், எழுத்து வரைதல் எல்லாம் சரியாக நடந்தால்தான் அது வரும்.

விசை வேலை செய்யாததற்கு முதல் சந்தேகம் இன்டரப்ட். ஸ்பெக்ட்ரம் ரோம் விசைப்பலகையைத் தானாகப் போய்ப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முறை, அதாவது 69,888 துடிப்புக்கு ஒரு முறை, யுஎல்ஏ இன்டரப்ட் தரும், சிபியு 56 என்ற முகவரிக்குத் தாவும், அங்கேதான் விசைகளைப் படிக்கும் நிரல் இருக்கிறது. நீங்கள் இன்டரப்டே தரவில்லை என்றால் வரி மட்டும் வரும், கணினி காது கேளாதது போல உட்கார்ந்திருக்கும். வேகத்தையும் இதை வைத்தே கட்டுப்படுத்துங்கள்: 69,888 துடிப்புக்கு ஓட்டு, இன்டரப்ட் கொடு, அடுத்த 20 மில்லி வினாடி வரும்வரை காத்திரு.

இன்டரப்ட் தருகிறீர்கள், இன்னும் வரவில்லை என்றால் போர்ட் 254. நாற்பது விசைகள், எட்டு அரைவரிசை, வரிசைக்கு ஐந்து. எந்த வரிசை என்பதை முகவரியின் மேல் பைட்டில் எந்த பிட் பூஜ்யமாக இருக்கிறது என்பது சொல்லும். 65022ஐப் படித்தால் ஏ, எஸ், டி, எஃப், ஜி. 32766ஐப் படித்தால் ஸ்பேஸ், சிம்பல் ஷிஃப்ட், எம், என், பி. அழுத்திய விசைக்கு பிட் 0, அழுத்தாததற்கு 1, தலைகீழ். பலர் இந்த எட்டு எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விடுகிறார்கள். அது போதாது: நிரல் ஒரே நேரத்தில் பல பிட்டுகளைப் பூஜ்யமாக்கிப் பல வரிசைகளைச் சேர்த்துக் கேட்கலாம், "ஏதாவது ஒரு விசையை அழுத்து" என்று காத்திருக்கும் விளையாட்டுகள் அப்படித்தான் கேட்கும். கேட்ட எல்லா வரிசைகளையும் அண்ட் செய்து (ஏதாவது ஒன்றில் 0 இருந்தால் விடை 0) திருப்பித் தர வேண்டும்.

யுஎஸ்பி விசைப்பலகை என்றால் எட்டு பைட் அறிக்கை ஒன்று வரும்: முதல் பைட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல் வகையறா, இரண்டாவது காலி, மீதி ஆறில் அழுத்தியிருக்கும் விசைகளின் எண்கள். ஒவ்வொரு அறிக்கைக்கும் எட்டு வரிசைகளையும் புதிதாகக் கட்டிவிடுங்கள், பழையதில் திருத்தம் செய்ய வேண்டாம். சிக்கிக்கொண்ட விசை என்ற தொல்லையே வராது.

உறைந்துபோகும் விளையாட்டுகளுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. இன்டரப்ட் முறை 2ஐ (எங்கே தாவுவது என்பதை நிரலே தீர்மானிக்கும் முறை) எழுதாமல் விட்டிருப்பீர்கள், ரோமுக்கு அது வேண்டாம், விளையாட்டுகளுக்கு வேண்டும். அல்லது இன்டரப்டை அனுமதிக்கும் ஈஐ ஆணைக்கு அடுத்த ஆணை முடியும்வரை இன்டரப்டை ஏற்கக் கூடாது என்ற விதியை விட்டிருப்பீர்கள். அல்லது ஃபிளாக்குகளில், அதாவது கணக்கின் விளைவு எப்படி வந்தது என்று சிபியு குறித்துவைக்கும் பிட்டுகளில், தவறு. ஃபிளாக் தவறைக் கண்ணால் தேடவே வேண்டாம், ஃபிராங்க் கிரிங்கிள் எழுதிய செக்ஸால் (zexall) என்ற சோதனை நிரலை ஓட்டுங்கள். அது சிபி/எம் நிரல், எழுத்து அச்சிடும் இரண்டு அழைப்புகளைப் பாவித்தால் போதும், ஓடிவிடும். எந்த ஆணைக் குடும்பத்தில் தவறு என்று சொல்லும். 3, 5 ஆகிய இரண்டு ஃபிளாக் பிட்டுகள் கையேட்டில் இல்லாதவை, அதையும் சேர்த்தே சோதிக்கும். முதலில் கையேட்டு ஃபிளாக்குகளை மட்டும் பார்க்கும் செக்ஸ்டாக்கில் (zexdoc) தேறுங்கள். முக்கியமாக, இந்தச் சோதனைகளைப் பிக்கோவில் ஓட்டாதீர்கள். சிபியு நிரலைத் தனி சி கோப்பாக வைத்து மேசைக் கணினியில் ஓட்டிச் சரிபார்த்துவிட்டுப் பிறகு பலகைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: எமுலேட்டர் ஓடுகிறது, ஆனால் அவ்வப்போது திணறுகிறது. 133 மெகாஹெர்ட்ஸ் போதும் என்றீர்களே?

நிரல் ஃபிளாஷிலிருந்து ஓடுகிறது. பிக்கோவின் ஃபிளாஷ் சிப்புக்கு வெளியே இருக்கிறது, நடுவில் கேஷ் என்ற வேகமான தற்காலிக நினைவகம் 16 கிலோபைட் மட்டுமே. ஆணைகளை அலசும் பெரிய ஸ்விட்ச் (சி மொழியின் பல கிளைத் தேர்வு) அதில் அடங்காமல் போனால் ஒவ்வொரு தவறலுக்கும் வெளியே போய்வர வேண்டியிருக்கும். சிபியு சுழலையும் வரி தயாரிக்கும் நிரலையும் ரேமில் வைக்கச் சொல்லுங்கள், பிக்கோவுக்கான நிரலாக்கத் தொகுப்பான எஸ்டிகேயில் அதற்கென்று மேக்ரோ இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் ரோமையும் ரேமுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள், இடம் இருக்கிறது.

கேள்வி: ஒலி கரகரவென்று வருகிறது. நிஜ ஸ்பெக்ட்ரத்தில் ஒரே பிட்தானே, அதை பலகையின் வெளியீட்டு முனையில் அப்படியே போட்டால் போதாதா?

போதாது, ஏனென்றால் உங்கள் எமுலேட்டர் சீரான நேரத்தில் ஓடவில்லை. ஒரு படத்துக்கான 69,888 துடிப்பையும் வேகவேகமாக ஓட்டி முடித்துவிட்டுக் காத்திருக்கிறது, அந்த முனையும் அதே மாதிரி அவசரமாக ஆடிவிட்டு நின்றுவிடும்.

பிட் மாறிய துடிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்னால் சீரான வேகத்தில் வெளியே அனுப்ப வேண்டும். 44,100 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் ஒரு ஒலி மாதிரிக்கு (சாம்பிளுக்கு) ஏறக்குறைய 79 துடிப்பு. அந்த 79இல் பிட் எத்தனை துடிப்பு மேலே இருந்தது என்று எண்ணி அதையே அளவாக வையுங்கள். கடைசியாக எந்த நிலையில் இருந்தது என்பதை மட்டும் எடுத்தால்தான் அந்தக் கரகரப்பு. பிறகு பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தால் அளவைக் காட்டும் வெளியீடு), ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர்.

காமடோர் 64இன் எஸ்ஐடி என்ற ஒலிச் சிப்பைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேறு உயரம். மூன்று குரல்களும் டிஜிட்டல், ஆனால் ஃபில்டர் அனலாக், அதன் முதல் வகையான 6581க்கும் பின்னால் வந்த 8580க்கும் ஒலி வேறு, 6581லேயே சிப்புக்குச் சிப் வித்தியாசம் கேட்கும். எதைச் சரி என்று எடுத்துக்கொள்வது என்பதே கேள்வியாகிவிடுகிறது. பொறுமை உள்ளவர்களுக்கு அருமையான வேலை.

கேள்வி: ரோம் கோப்புகளை இணையத்திலிருந்து எடுப்பது சட்டப்படி சரியா?

கணினிக்குக் கணினி வேறு. பழையது என்பதால் உரிமை போய்விடாது. சிங்க்ளேரின் கணினித் தொழிலை 1986இல் ஆம்ஸ்ட்ராட் வாங்கியது, உரிமை தன்னிடமே இருக்கும், ஆனால் எமுலேட்டர்களோடு ரோமைக் கொடுக்கலாம் என்று 1999இல் அனுமதி தந்தது. பல வருஷம் இந்தத் துறையை உயிரோடு வைத்திருந்த நல்ல முடிவு அது. ஆப்பிள் மேக்கின்டோஷ் ரோமுக்கு அப்படிப் பொது அனுமதி இல்லை, பிக்கோ-மேக் திட்டமும் ரோமைத் தருவதில்லை, நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். பிசிக்குக் கவலையில்லை: ஐபிஎம்மின் பயாஸுக்குப் பதிலாக கிளாபயாஸ் இருக்கிறது, ஃப்ரீடாஸ் இருக்கிறது, எம்எஸ்-டாஸ் 1.25, 2.0 ஆகியவற்றின் மூல நிரலை 2018லும் 4.00ஐ 2024லும் மைக்ரோசாஃப்ட்டே எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டது. எம்எஸ்எக்ஸ் கணினிகளுக்கு சி-பயாஸ். விளையாட்டுகள் தனிக் கதை, ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் வேறு, அவர்கள் அனுமதித்ததை மட்டும் எடுங்கள்.

கேள்வி: என் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டால் இந்த எல்லாக் கணினியும் ஓடுகிறது. இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நேர விரயம் இல்லையா?

விளையாடத்தான் வேண்டும் என்றால் கைப்பேசியே போதும், அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் கைப்பேசியில் எமுலேட்டருக்குக் கீழே ஒரு இயங்குதளம் இருக்கிறது, திரையை அது பார்த்துக்கொள்ளும், ஒலியை அது பார்த்துக்கொள்ளும், ரேம் கேட்டால் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிக்கோவில் கீழே ஒன்றும் கிடையாது. மின்சாரம் கொடுத்த நொடியில் ரோமின் முதல் ஆணை ஓடுகிறது, திரை எழும்புகிறது, நிஜக் கணினி எப்படி எழும்பியதோ அப்படி. அது அந்தப் பழைய பொறியாளர்கள் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. 264 கிலோபைட்டில் எதை வைப்பது, எதைத் தூக்கிப் போடுவது, இந்த 31 மைக்ரோ வினாடிக்குள் என்ன முடியும் என்று அவர்கள் பட்ட பாட்டை நாமும் படும்போதுதான் அந்தத் திரை அடுக்கு ஏன் அப்படி இருந்தது என்று உடம்புக்கே புரிகிறது. புத்தகத்தில் படித்தால் அது ஒரு தகவலாக மட்டும் நிற்கும்.

டிமிட்ரி கிரின்பெர்க் 2012இல் ஒரு காரியம் செய்தார். ஏடிமெகா1284பி என்ற எட்டு பிட் சிப்பில் 32 பிட் ஏஆர்எம் சிபியுவைப் பாவித்து, பழைய ரேம் ஸ்டிக் ஒன்றைக் கம்பி வைத்துச் சேர்த்து, லினக்ஸையே ஏற்றினார். கட்டளை வரி வரவே இரண்டு மணி நேரம் ஆனது. யாருக்கும் அதனால் பயனில்லை என்று சொல்லலாம், ஆனால் கணினி என்பது எவ்வளவு குறைந்த பொருளில் கட்டக்கூடிய ஒன்று என்பதை அதைவிட நேராக யாரும் காட்டியதில்லை என்பேன்.

கேள்வி: பள்ளியில் கணினி கற்பிக்கிறேன். மாணவர்களுக்கு ஸ்பெக்ட்ரம் அதிகம் என்று தோன்றுகிறது. இன்னும் சிறியதாக ஏதாவது?

சிப்-8. ஜோசப் வைஸ்பெக்கர் 1970களில் காஸ்மாக் விஐபி என்ற கணினிக்காக உருவாக்கியது. அது நிஜச் சிப்பே இல்லை, அன்றைக்கே கற்பனையான சிபியுதான். 35 ஆணைகள், 4,096 பைட் நினைவகம், 64க்கு 32 புள்ளித் திரை, 16 விசைகள். ஒரு சின்ன ஓஎல்இடி திரையை ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பில் சேர்த்தால் விஜிஏ பாடே இல்லை. ஆணைகளை மாணவர்களுக்குள் பிரித்துக் கொடுங்கள், எல்லாருடையதையும் சேர்த்து ஓட்டும்போது யார் எழுதிய ஆணை தவறு என்று திரையே காட்டிக்கொடுத்துவிடும். குதிக்கும் ஆணையில் முகவரியை ஒன்று தள்ளிப் போடுவது எப்போதும் நடக்கும், அதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், தேட விடுங்கள்.

கேள்வி: பரணில் நிஜ காமடோர் 64 ஒன்று கிடக்கிறது. எமுலேட்டருக்குப் பதில் பிக்கோவை வைத்து அதையே சரிசெய்ய முடியுமா?

முடியும், என்னைக் கேட்டால் இதுதான் இந்தப் பலகைகளின் மிகச் சிறந்த உபயோகம். கிடைக்காமல் போன சிப்பின் இடத்தில் பிக்கோ உட்கார்ந்து அந்தச் சிப் மாதிரியே நடிக்கிறது. எஸ்ஐடி இடத்தில் வைக்க சிட்கிக் பிக்கோ இருக்கிறது. பழைய பிசியின் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் ஒலி அட்டையாக நடிக்க பிக்கோகஸ் இருக்கிறது.

நீங்களே வடிவமைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய கணினி 5 வோல்ட், ஆர்பி2040 3.3 வோல்ட், அதன் இணைப்பு முனைகள் 5 வோல்ட்டைத் தாங்கும் என்று உற்பத்தியாளர் சொல்லவில்லை. நடுவில் 74எல்விசி245 மாதிரி ஒரு பஃபரை 3.3 வோல்ட்டில் ஓட்டி வையுங்கள், அதன் உள்ளீடு 5 வோல்ட்டை ஏற்கும். எதிர்த் திசையில் பெரும்பாலும் தொல்லையில்லை, பழைய கணினிகளின் டிடிஎல் வகைச் சிப்புகள் 2 வோல்ட்டுக்கு மேல் எதையும் 1 என்றே எடுத்துக்கொள்ளும்.

அதற்கெல்லாம் முன்னால், பரணிலிருந்து இறக்கியதும் பழைய பவர் சப்ளையைச் செருகி ஆன் செய்துவிடாதீர்கள். காமடோர் 64 உடன் வந்த சப்ளைகள் வயதானால் 5 வோல்ட் கம்பியில் அதைவிட அதிகமாகத் தந்து ரேம் சிப்புகளை எரித்துவிடும். நல்ல புதிய சப்ளை ஒன்றை வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு, பிறகு இணையுங்கள். என்ன திரை வந்தது, வரவில்லை என்றால் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், அடுத்த இதழில் அங்கிருந்து தொடரலாம்.